உட்காருபவரின் இடக்கைப் பக்கம்

எந்திரக் கை லாரியில் வந்து இறங்கிய அன்றே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. கார் தொழிற்சாலையில் கதவுக்கு வெல்டிங் வைக்கிற வேலையைச் செய்துவிட்டு, எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் பாடக் கருவியாக வந்திருந்தது. ஆளுயரம், மஞ்சள் நிறம், ஆறு மூட்டு. ஒரு மூட்டு போனால் கையையே காடாத்துணியில் கட்டித் தொங்கவிடுகிற வயதில் இருந்த எனக்கு, ஆறு மூட்டும் சத்தமில்லாமல் திரும்புகிற ஒன்றைப் பார்த்ததும் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

நான் ஃபிட்டர் பிரிவு ஆசிரியர். இருபத்தேழு வருஷமாக அரமும் கையுமாக இருந்தவன். இரும்புத் துண்டை ஒரு தடவை தடவினாலே இன்னும் எவ்வளவு ராவ வேண்டும் என்று சொல்லிவிடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டிலும் சொல்வார்கள், மாணவர்களும் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்வது வீட்டில் மட்டும்.

எந்திரக் கையின் பின்னாலேயே ஓர் உத்தரவும் வந்தது. ஃபிட்டர் ஆசிரியர்கள் எல்லோரும் அதை இயக்கிக் காட்டி ஒரு தேர்வில் தேற வேண்டும். மூன்று முறை எழுதலாம். மூன்றிலும் தவறினால் வகுப்பு கிடையாது, ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கலாம். சம்பளத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாடம் எடுக்காத நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் பயம்.

சென்னையில் நடந்த முதல் இரண்டு தேர்விலும் தவறிவிட்டேன். இரண்டிலும் ஒரே இடத்தில்தான் விழுந்தேன். ஒரு தகட்டில் ஐந்து இடங்களை எந்திரத்துக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். அது வரைக்கும் எனக்குக் குறையில்லை. பிறகு தேர்வாளர் வந்து தகட்டை ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் திருப்பி வைப்பார். இப்போது ஐந்து இடத்தையும் புதிதாகக் காட்டாமல், தகடு எங்கே போனது என்பதை மட்டும் எந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஃப்ரேம் என்று பெயர். மூன்று இடங்களைத் தொட்டுக் காட்டினால் போதும்: தொடங்கும் மூலை, நீளம் போகிற பக்கம், அகலம் போகிற பக்கம். அந்த மூன்றையும் வைத்து மேல் எது கீழ் எது என்பதைக்கூட அது கணக்குப் போட்டுக்கொள்ளும். இதை எத்தனை பேர் சொன்னாலும் என் மண்டையில் ஏறவில்லை. இரண்டு தடவையும் என் எந்திரம் தகடே இல்லாத இடத்தில் போய் வெறும் காற்றுக்கு வெல்டிங் வைத்தது.

மூன்றாவது தேர்வு எங்கள் பட்டறையிலேயே நடக்கும் என்றார்கள். ஒரு மாதம் இருந்தது. என்னைத் தயார் செய்ய ஒரு மேடத்தை அனுப்பினார்கள். மேலப்பாளையத்துக்காரர். கார் தொழிற்சாலையில் இதே போன்ற கைகளோடு வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஊரோடு வந்தவர். என் மகளைவிடச் சின்னவர். முதல் நாளே, "சார், மொத ரெண்டு தடவ என்ன தப்பு நடந்துச்சுன்னு சொல்லுதியளா?" என்று கேட்டார். "தப்பு அந்த எந்திரத்துலதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.

இந்த முறை என்ன வேலையைச் செய்து காட்டுவது என்பதை நாமே முடிவு செய்யலாம். தொழிற்சாலைக்கு வெளியே இந்தக் கையை வைத்து என்ன செய்யலாம் என்று காட்டுகிறவர்களுக்கு நல்ல மதிப்பு என்று மேடம் சொன்னார். எங்கேயோ ஒரு கல்லூரியில் மணலில் படம் வரைய வைத்திருக்கிறார்களாம். இன்னோர் இடத்தில் தெர்மாகோலில் சிலை செதுக்குகிறதாம். ஒரு இடத்தில் கேமராவைக் கொடுத்துக் குறும்படம் எடுக்கிறார்களாம். ஒவ்வொன்றையும் செல்போனில் காட்டினார். எனக்குப் படமும் வராது, சிலையும் வராது. "வெல்டிங்கே வைப்போம்" என்றேன். மூன்று வாரம் தகட்டையே நகர்த்தி நகர்த்தி வைத்துப் பழகினோம். மூன்று வாரமும் காற்றுக்கே வெல்டிங் வைத்தேன்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் அசனம். வருஷத்துக்கு ஒரு தடவை சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்து, வருகிறவர் யாராக இருந்தாலும் உட்கார வைத்து இலை போட்டுச் சோறு போடுவோம். பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்கு அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. நான் மீசை முளைத்த நாளில் இருந்து அங்கே பரிமாறுகிறவன். மேடத்தையும் வீட்டுக்காரரோடு வரச் சொல்லியிருந்தேன். மேடம் கறிக்குழம்பு வேண்டாம், சாம்பாரும் ரசமும் போதும் என்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய பிறகும் போகாமல் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அசனப் பந்தியில் இரண்டு வரிசை எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். பரிமாறுகிறவன் நடுவில் நடந்து போவான். இந்தப் பக்கம் ஓர் இலை, அந்தப் பக்கம் ஓர் இலை என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். நான் உப்பு வாளியோடு ஒரு சுற்று போய் வந்ததும் மேடம் வழியை மறித்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் எல தலகீழா கெடக்கு. ஒரு எலயில நீங்க போவுத பக்கம் உப்பு வைக்கிய, அடுத்ததுல வந்த பக்கம் வைக்கிய. யோசிக்கவே மாட்டேங்கிய. எப்படி?"

பட்டறையில் சார், வெளியே அண்ணாச்சி. அது அவர் கணக்கு. எனக்கோ பின்னால் கூட்டு வாளி வந்து முட்டிக்கொண்டிருந்தது. "இதுல யோசிக்க என்ன இருக்கு? நுனி எங்க கெடக்குன்னு பாத்தா போதாதா? நுனிப் பக்கம் மேல உப்பு. அதுக்கு அடுத்து கூட்டு, பொரியல். கீழ்ப்பாதியில சோறு. எல எங்க கெடந்தா என்ன, எப்படிக் கெடந்தா என்ன!"

"அதத்தான் அண்ணாச்சி மூணு வாரமா ஒங்களுக்கு ஃப்ரேம்னு சொல்லுதேன்" என்றார்.

நான் உப்பு வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். கூட்டு வாளிக்காரர், "என்ன வே, நடுப்பந்தியில ஜெபமா? நகரும்" என்று சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

மறுநாள் காலை மார்க்கெட்டில் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்து வாழையிலையில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். எந்திரக் கையின் விரலில் ஒரு கரண்டியைப் பிடிக்க வைத்தோம். சோற்றுக்குப் பதில் பொரி, கூட்டுக்குப் பதில் வறுத்த கடலை, பொரியலுக்குப் பதில் பூந்தி. உப்பு மட்டும் உப்பேதான். சாம்பார் ஊற்ற வைக்கலாமா என்று கேட்டதற்கு, கரண்ட் பெட்டிக்குள் ஒரு சொட்டு போனாலும் இரண்டு பேருமே ஸ்டோருக்குப் போக வேண்டியதுதான் என்றார் மேடம்.

ஒரு பலகை மேஜையில் இலையைப் போட்டேன். எங்கெங்கே என்ன வைக்க வேண்டும் என்று எந்திரத்துக்கு ஒரு தடவை காட்டினோம். பிறகு மேடம் மேஜையைத் தள்ளி வைத்துவிட்டு, "இப்ப மூணே எடம் தொடுங்க" என்றார். இலை நுனியைத் தொட்டேன். காம்பு வெட்டிய பக்கத்தைத் தொட்டேன். மூன்றாவதாக, எனக்கு எட்டத்தில் இருந்த இலை விளிம்பைத் தொட்டேன். பட்டனை அழுத்தினேன். எந்திரக் கை பைய வந்தது. உப்பை அள்ளியது. இலைக்கு மேலே வந்து நிற்க வேண்டிய கரண்டி நிற்காமல் இலையைக் கிழித்துக்கொண்டு பலகையில் இறங்கியது. விளக்கு சிவப்பாக எரிந்தது. கரண்டி வளைந்து போயிற்று.

"என்ன எழவு இது" என்று கத்தினேன்.

மேடம் பதறவில்லை. "நீங்க எங்க நிக்கிய சார்?"

"பரிமாறுதவன் எங்க நிப்பான்? எலைக்கு எதிர்லதான்."

"அதுதான். ஒங்களுக்கு எட்டத்துல இருக்கது சாப்பிடுதவருக்குக் கிட்டத்துல இருக்கு. அகலத்த நீங்க எதிர்ப்பக்கமா காட்டிட்டிய. அகலம் மாறுனா மேலயும் கீழயும் மாறிரும். நீங்க காட்டுனத வச்சு தரைக்குக் கீழதான் வானம்னு அது நெனச்சுக்கிடும்." ஒரு நாற்காலியை இழுத்து இலைக்கு முன்னால் போட்டார். "உக்காந்து தொடுங்க."

உட்கார மாட்டேன் என்றேன். எங்கள் ஆலயத்தில் பரிமாறுகிறவன் கடைசிப் பந்தி முடிகிற வரை இலை முன்னால் உட்காருவதில்லை. இது அசனம் இல்லை, பொரியும் கடலையும்தான் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் முட்டி மடங்க மறுத்தது. நின்றபடியே மனசுக்குள் திருப்பிப் பார்த்துத் தொடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்து இன்னும் இரண்டு கரண்டிகளை வளைத்தேன். நான்காவது கரண்டிக்கு மேடம் தன் வீட்டுக் கரண்டியைக் கொண்டுவந்திருந்தார். அதையும் வளைத்தால் நன்றாக இருக்காது என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் சரியாக வந்தது. நுனி, காம்பு, எட்டத்து விளிம்பு. எந்திரக் கை என் தோளுக்கு எதிரே வந்து, பைய இறங்கி, என் இடக்கைப் பக்கம் மேலே ஒரு சிட்டிகை உப்பு வைத்தது. மேஜையைத் திருப்பி வைத்தோம், வைத்தது. மூலையில் தள்ளி வைத்தோம், அங்கேயும் வைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் அந்தப் பட்டறையில் நான் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. அடுத்த சில நாட்கள் வீட்டிலும் சாப்பாட்டு மேஜையில் வெறும் இலையைப் போட்டு, நாற்காலியை மாற்றி மாற்றி உட்கார்ந்து பழகினேன். "எரிகோ மதிலச் சுத்துத மாதிரி சுத்துதிய. எல என்ன, இடிஞ்சு விழவா போவுது?" என்று என் மனைவி கேட்டாள்.

தேர்வு நாள் வந்தது. சென்னையில் இருந்து வந்த தேர்வாளர் ஏறத்தாழ என் வயதுக்காரர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். விதியை முதலிலேயே சொல்லிவிட்டார். மூன்று தடவை அவர் இலையையும் நாற்காலியையும் நகர்த்துவார். நகர்த்திய பிறகு நான் இலையைக் கையால் தொடக் கூடாது. மூன்று இடங்களைக் காட்டி எந்திரத்தை மட்டும் திருத்தலாம்.

முதல் தடவை மேஜையின் அடுத்த பக்கத்துக்கு மாற்றினார். உட்கார்ந்தேன், தொட்டேன், எழுந்தேன், எந்திரம் பரிமாறியது. இரண்டாம் தடவை சாய்த்து வைத்தார். அதுவும் சரியாக வந்தது. மூன்றாம் தடவை இலையை எடுத்து ஒரு சுழற்றுச் சுழற்றி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நுனி வலப்பக்கமாகக் கிடந்தது.

என் கை தானாகப் போய் இலையைத் திருப்பி நுனியை இடப்பக்கமாகப் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது.

"தொடக் கூடாதுன்னு சொன்னேனே சார்" என்றார் தேர்வாளர். வருத்தமாகத்தான் சொன்னார். பேனா தாளில் இறங்கிவிட்டது.

"எலைய அப்படிப் போட்டா எவன் சார் உக்காந்து சாப்பிடுவான்?" என்று சத்தமாகவே கேட்டேன். கேட்டது கேட்டாயிற்று. ஸ்டோர் ஜன்னலும் அதன் கம்பியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

மேடம்தான் குறுக்கே வந்தார். "சார், ஒரு நிமிஷம். எல முன்னால எப்படிக் கெடந்துச்சோ அப்படியே போடுங்க. இவங்க வழக்கமா தொடுத மூணு எடத்தையும் நான் தொடுதேன். மெதுவா ஓட்டிப் பாருங்க." தேர்வாளர் சம்மதித்தார். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து நுனியையும் காம்பையும் எட்டத்து விளிம்பையும் தொட்டார். எந்திரம் உப்போடு வந்தது. நிற்காமல் இறங்கி, இலையைக் கிழித்து, பலகையில் குத்தி நின்றது. நுனி எதிர்ப்பக்கம் போனதால் அதற்கு மறுபடி மேலும் கீழும் மாறிவிட்டிருந்தது.

மெதுவாக வந்ததால் கரண்டி தப்பியது. தேர்வாளர் குனிந்து பலகையில் விழுந்த வடுவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் இலையைத் திருப்பினீங்களா? அப்படின்னா அது பாதுகாப்புக்காகச் செஞ்சது. தொட்டது தப்பாகாது. அதுக்கு விதியில இடம் இருக்கு."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மேடத்தின் கண்கள் சொல்லுங்கள் சொல்லுங்கள் என்றன. எனக்குப் பொய் வராது, சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அன்றைக்கு நிறுத்தியது அது இல்லை. இது எனக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வாங்குகிற சான்றிதழோடு எந்த வகுப்பில் போய் நிற்பது?

"இல்ல சார். எனக்கு அது தெரியாது. எல தப்பாக் கெடந்துச்சு, திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான்."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவரே புதிய இலை ஒன்றை எடுத்து, நுனியை வலப்பக்கமாகவே போட்டார். "எங்க வீட்லயும் நுனி இடப்பக்கம்தான் சார். தகடுன்னு நெனச்சுச் சுத்திட்டேன். ஆனா இப்ப கேள்வி இதுதான். இலை இப்படியே இருக்கட்டும். தொடாம, உட்காருறவருக்குச் சரியா பரிமாற வைங்க. பத்து நிமிஷம்."

நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அகலத்தைக் கிட்டத்து விளிம்பில் காட்டினால் கரண்டி பலகையில் குத்தாது. ஆனால் உப்பும் கூட்டும் என் மடியோரம் வரும், சோறு அந்தப் பக்கம் போய்விடும். வழக்கம் போல எட்டத்தில் காட்டினால் பலகைதான். பாதி நேரம் போய்விட்டது. இலையைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. தப்பாகக் கிடக்கிற இலையை என்ன செய்தாலும் தப்புத்தானே என்றுதான் தோன்றியது.

அசனத்தில் தப்பாகப் போட்ட இலைகளை நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். சின்னப் பிள்ளைகள் ஓடி வந்து உட்காரும், இலையை எப்படியாவது இழுத்துப் போட்டுக்கொள்ளும். முந்நூறு பேர் பந்தியில் ஒவ்வொன்றையும் குனிந்து திருப்பிக்கொண்டிருக்க முடியாது. பேசாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். எங்கே வைத்தேன்? அந்தப் பிள்ளையின் இடக்கைப் பக்கம் மேலே வைத்தேன். நுனியைப் பார்த்துத்தான் பரிமாறுகிறேன் என்று மேடத்திடம் அவ்வளவு எகத்தாளமாகச் சொன்னது பொய். இத்தனை வருஷமும் நான் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்துத்தான் பரிமாறியிருக்கிறேன்.

நுனியை விட்டுவிட்டேன். என் இடக்கைப் பக்கம் இலை எங்கே தொடங்குகிறதோ அதை முதலில் தொட்டேன். அது காம்பு வெட்டிய பக்கம், இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்து வலக்கைப் பக்கத்துக் கோடி. மூன்றாவது எட்டத்து விளிம்பு. எழுந்து விலகி வந்து பட்டனை அழுத்தினேன்.

எந்திரக் கை உப்பை அள்ளி வந்து இலைக்கு மேலே நின்றது. பைய இறங்கி, நாற்காலிக்கு இடப்பக்கம் மேலே ஒரு சிட்டிகை வைத்தது. கடலை, பூந்தி. கடைசியாகக் கீழ்ப்பாதியில் பொரி. ஒன்றுகூட இலைக்கு வெளியே சிந்தவில்லை.

தேர்வாளர் தாளில் முன்பு எழுதியதை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "சார், அப்போ நான் பாடம் எடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"திங்கக்கிழமையே எடுங்க" என்றார்.

பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் போய் முகம் கழுவினேன். நெடுநேரம் கழுவினேன். அழுகிறேன் என்று தெரிந்தும் மேடம் வராமல் இருந்தார். அந்த மரியாதைக்கு அவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன். அவர் வீட்டுக் கரண்டியை மட்டும் வளையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை எனக்கு இருபது பேர். பையன்களும் பெண்களும். மேஜையில் இலையை எப்படியோ ஒரு கோணலில் போட்டுவிட்டு, யாராவது வந்து எந்திரத்துக்கு இடம் காட்டுங்கள் என்றேன். முதலில் வந்த பெண், பரிமாறுகிறவன் போல இலைக்கு எதிரில் நின்றுகொண்டு, நுனியைத் தொட்டாள், காம்பைத் தொட்டாள், தனக்கு எட்டத்து விளிம்பைத் தொட்டாள். நான் ஓட விட்டேன். கரண்டி பலகையில் குத்தி நின்றது. வகுப்பே சிரித்தது. அவள் முகம் சுருங்கி, இப்போது திட்டு விழும் என்று என்னைப் பார்த்தாள். கோபம் மூக்கு வரை வந்துதான் இருந்தது. கரண்டியை நிமிர்த்தி மாட்டினேன், இலைக்கு முன்னால் கிடந்த நாற்காலியை அவள் உட்கார வாகாக இழுத்து வைத்தேன், அவளாக அதைப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்தேன்.